ஜி.ஆர்.86, பி.ஆர்.இசட் காருக்கு வேறு வீல் போட்ட பிறகு வரும் தொல்லைகள்: அறிகுறியைப் பார்த்து அளவைத் திருத்துவது எப்படி

டொயோட்டா 86, அதற்கு அடுத்து வந்த ஜி.ஆர்.86, சுபாரு பெயரில் விற்கும் பி.ஆர்.இசட். இவற்றில் எது உங்களிடம் இருந்தாலும், வெளியில் வாங்கிய அலாய் வீலைப் போட்ட பிறகு வரும் தொல்லைகள் ஏறக்குறைய ஒன்றேதான். உரசும், அதிரும், ஸ்டீயரிங் இழுக்கும், ஏதாவது ஒரு விளக்கு எரியும். பலர் உடனே ஸ்பேசர் (வீலை வெளியே தள்ள அதன் பின்னால் வைக்கும் தட்டு) வாங்குகிறார்கள், அல்லது மட்கார்டின் உள்விளிம்பை மடிக்கிறார்கள். அதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். தொல்லை எங்கே, எப்போது வருகிறது என்று கவனித்தாலே எந்த எண் தப்பு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் கம்பெனி எண்கள்

எதையும் ஒப்பிட இவை வேண்டும். போல்ட் வட்டம் 5×100, அதாவது ஐந்து துளை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. ஹப்பின் (வண்டியில் வீல் போய் உட்காரும் பகுதி) நடு விட்டம் 56.1 மி.மீ. ஸ்டட் (ஹப்பில் நீட்டியிருக்கும், நட் ஏறும் மரைக் கம்பி) எம்12×1.25, அதாவது 12 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. மரை இடைவெளி. நட்டை இறுக்க வேண்டிய அளவு 120 நியூட்டன் மீட்டர். முதல் தலைமுறையில் பரவலாக வந்த வீல் 17×7, இப்போதைய தலைமுறையில் 17×7.5 (விட்டமும் அகலமும் அங்குலத்தில்). இரண்டிலும் ஆஃப்செட் +48 (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்பது), டயர் 215/45 ஆர்17 (அகலம் மி.மீ.யில், பக்கச்சுவர் அதன் சதவீதத்தில், ரிம் விட்டம் அங்குலத்தில்). இப்போதைய தலைமுறையின் உயர் வகைகளில் அதே 7.5 அகலம், அதே ஆஃப்செட்டோடு 18 அங்குல வீலும் 215/40 ஆர்18 டயரும் வருகின்றன. முன்னும் பின்னும் ஒரே அளவு.

ஒன்றை மனதில் வையுங்கள். மூக்கில் டொயோட்டா சின்னம் இருந்தாலும் இந்தக் கார் ஜப்பானின் குன்மா மாநிலத்தில், ஓட்டா நகரில் இருக்கும் சுபாரு ஆலையில்தான் உருவாகிறது. ஹப், ஸ்டட் எல்லாம் சுபாருவின் அளவு. கீழே வரும் தொல்லைகளில் பல இதை மறந்ததால் வருபவை.

அறிகுறி: வீல் ஹப்பில் முழுசாக உட்காரவில்லை, அல்லது நட் இரண்டு சுற்றுக்கு மேல் போகவில்லை

வீல் போய் உட்காராமல் பின்னால் இடைவெளி தெரிந்தால், நடுத் துளையை அளந்து பாருங்கள். பழைய பிரியஸ், கொரோலா, செலிகா வீல்களிலும் 5×100 உண்டு. ஆனால் அவற்றின் நடுத் துளை 54.1 மி.மீ. நம் ஹப் 56.1. "டொயோட்டா வீல்தானே" என்று வாங்கி வந்தவர்களுக்கு இது நடக்கும். நட்டை இறுக்கி வீலை உள்ளே இழுத்துவிடலாம் என்று நினைக்கவே கூடாது. வீல் தட்டையாக உட்காராத வரை அந்த வண்டியை நகர்த்தாதீர்கள்.

நட் இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டால் அது எம்12×1.5 நட். டொயோட்டாவின் வேறு பல கார்களுக்கு அதுதான் அளவு. கையால் சுற்றும்போதே அது தடுத்துச் சொல்லிவிடும். காற்றுத் துப்பாக்கியை வைத்தால் அந்த எச்சரிக்கை கேட்காது, ஸ்டட் மரை போய்விடும். எந்தக் கடையில் மாட்டினாலும் முதல் சில சுற்றுகளைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை.

மூன்றாவது ஒன்று உண்டு, அதுதான் ஆபத்தானது, ஏனென்றால் எல்லாம் சரியாகப் பொருந்தியது போலவே இருக்கும். பழைய ஃபோக்ஸ்வாகன், ஆடி வீல்களும் 5×100. நடுத் துளை 57.1, அதாவது நம் ஹப்பில் ஒரு மி.மீ. இடைவெளியோடு ஏறிவிடும். ஆனால் அவற்றின் போல்ட் இருக்கை உருண்டை வடிவம். நம் நட்டின் முனை கூம்பு. உருண்டைக் குழியில் கூம்பு உட்கார்ந்தால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் தொடும். இறுக்கம் 120 காட்டும். சில நாள் ஓட்டியதும் நட் தளரும். அந்த வீலைத்தான் போட வேண்டும் என்றால், உருண்டை முனையோடு எம்12×1.25 மரை உள்ள நட் தேடி வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்த வீல் வேண்டாம்.

அறிகுறி: 90 முதல் 110 கி.மீ. வேகத்தில் அதிர்வு

ஸ்டீயரிங்கில் அதிர்ந்தால் முன் வீல்கள், இருக்கையில் அதிர்ந்தால் பின் வீல்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் அதிர்ந்தால் வீலை விடுங்கள், பிரேக் தட்டைப் பாருங்கள்.

பேலன்சிங் சரி என்று கடைக்காரர் சொல்லியும் அதிர்வு போகவில்லையா? வெளி வீல்கள் பல கார்களுக்கும் பொருந்தும்படி நடுத் துளையை 73.1 மி.மீ. என்று பெரிதாக வெட்டியிருப்பார்கள். 56.1 ஹப்பைச் சுற்றி எட்டரை மி.மீ. வெற்றிடம். அதை நிரப்பத்தான் ஹப் ரிங். அது எடையைத் தாங்குவதில்லை. எடையைத் தாங்குவது, ஐந்து நட்டும் வீலை ஹப்பின் முகத்தோடு அழுத்துவதால் வரும் பிடிமானம். ரிங்கின் வேலை, இறுக்கும் நேரத்தில் வீலை நடுவில் பிடித்து வைப்பது மட்டும்தான். ரிங் இல்லாமலும் கூம்பு நட் வீலை நடுவுக்குக் கொண்டுவரும். ஆனால் வண்டியின் எடை வீலில் இருக்கும்போது இறுக்கினால் வீல் ஒரு பக்கம் தொங்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும்.

அதனால் செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். வண்டியைத் தூக்கி, ஐந்து நட்டையும் தளர்த்தி, நட்சத்திர வரிசையில் கையால் இறுக்கி, பிறகு சிறிய விசையில் ஒரு சுற்று, இறக்கியபின் டார்க் ரென்ச்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) 120. அதிர்வு போய்விட்டால் தொல்லை மாட்டிய விதத்தில்தான் இருந்தது. போகவில்லை என்றால் ரிங் வாங்குங்கள். ஹப் முகத்தில் துரு, பழைய ரிங்கின் துண்டு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகும் அதிர்ந்தால் ரிம் வளைந்திருக்கும், அல்லது டயரே வட்டம் தப்பியிருக்கும்.

புது வீல் மாட்டி 80, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி டார்க் வைத்துப் பார்ப்பது கட்டாயம்.

அறிகுறி: உரசல்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதிகமாகப் பணம் வீணாவது இங்கேதான்.

முதலில் கணக்கு. வீலின் அகலத்தை மி.மீ. ஆக்கிப் பாதியாக்குங்கள். அதோடு ஆஃப்செட்டைக் கூட்டினால், ஹப் முகத்திலிருந்து வீல் உள்பக்கம் எவ்வளவு போகிறது என்று கிடைக்கும். கழித்தால் வெளிப்பக்கம். கம்பெனி 17×7.5 +48 உள்ளே 143, வெளியே 47 மி.மீ. இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால்:

17×8 +45: உள்ளே 3 மி.மீ. கூடுதல், வெளியே 9 மி.மீ. கூடுதல்.
18×8.5 +45: உள்ளே 10, வெளியே 16.
17×9 +42: உள்ளே 13, வெளியே 25.
18×9 +35: உள்ளே 6, வெளியே 32.
18×9.5 +40: உள்ளே 17, வெளியே 33.

வீல் மட்டும் போதாது, டயரும் விரியும். ரிம் அரை அங்குலம் அகலமானால் அதே டயரின் குறுக்களவு சுமார் 5 மி.மீ. கூடும். ஒரே 245 என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி குறுக்களவு மாறும் என்பதால், டயர் வாங்கும் முன் தயாரிப்பாளரின் அட்டவணையில் உண்மையான அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உரசும் இடத்துக்கு வருவோம். டயரின் உள், வெளித் தோளில் சாக்பீஸால் பட்டையாகப் பூசி, ஸ்டீயரிங்கை இருபக்கமும் முழுசாகத் திருப்பி மெதுவாக ஓட்டி, பிறகு ஒரு வேகத்தடையைத் தாண்டி நிறுத்துங்கள். அழிந்த இடம் விடை சொல்லும்.

முழுசாகத் திருப்பும்போது மட்டும் சத்தம் வந்தால், அது ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) அல்ல. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இந்தக் காரின் முன்பக்கம் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஸ்ட்ரட் சக்கரத்தோடு சேர்ந்தே திரும்புகிறது, சேர்ந்தே ஏறி இறங்குகிறது. ஆகவே டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் உள்ள இடைவெளி திருப்பினாலும் குதித்தாலும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். திருப்பும்போது மட்டும் உரசினால் அது உள் பிளாஸ்டிக் லைனர், அல்லது பம்பரும் மட்கார்டும் சேரும் மூலை. லேசான உரசல் என்றால் லைனரை வெப்பக் காற்றால் சூடேற்றி உள்ளே அமுக்கினால் போதும். வீலை மாற்ற வேண்டியதில்லை. டயரின் விட்டம் பெரிதாகப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள், காரணம் பாதி நேரம் அதுதான்.

நேராக ஓடும்போதே ஒரே சீராக உரசினால், அல்லது டயரின் உள் பக்கச்சுவரில் ஒரு வளையம் பளபளவென்று தேய்ந்திருந்தால், அதுதான் ஸ்ட்ரட் அல்லது ஸ்ப்ரிங் இருக்கை. ஆஃப்செட் அதிகம், அல்லது டயர் அகலம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கேம்பர் போல்ட் வைத்து நெகடிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் கோணம்) கூட்டியிருந்தால் சக்கரத்தின் மேல்பகுதி ஸ்ட்ரட்டை நோக்கிச் சாயும், இடைவெளி குறையும். ஸ்ட்ரட்டின் தலையில் கேம்பர் பிளேட் வைத்துக் கூட்டினால் ஸ்ட்ரட்டும் சேர்ந்தே சாய்வதால் இடைவெளி குறையாது. போல்ட்டால் உரசல் வந்த வண்டிக்கு ஸ்பேசரைவிட பிளேட் நல்ல மருந்து.

மேடு பள்ளத்தில் மட்டும், அதுவும் வெளிப்பக்கம் உரசினால் ஆஃப்செட் குறைவு. 18×9 +35 போட்டவர்கள் இங்கே வருவார்கள். பின்பக்கம் என்றால் சக்கர வளைவுக்குள் பம்பரை மட்கார்டோடு பிணைக்கும் காதைப் பாருங்கள்; டயரை முதலில் கீறுவது அதுதான். வண்டியை 25 மி.மீ. தாழ்த்தியிருந்தால், அந்த ஸ்ப்ரிங்கைப் போடுவதற்கு முன் இது உரசியதா என்று நினைத்துப் பாருங்கள். உரசவில்லை என்றால் வீலைக் குறை சொல்ல முடியாது.

வண்டியைத் தள்ளினாலே கரகரவென்று இரும்புச் சத்தம் வந்தால் அது பிரேக் கேலிப்பர். பிரெம்போ பிரேக் வந்த பி.ஆர்.இசட் வகைகளில் இது நடக்கும். 17 அங்குலமே போடக் கூடாது என்பதில்லை. பிரெம்போவோடு 17 அங்குல வீல் கம்பெனியிலிருந்தே வந்திருக்கிறது. ஸ்போக்கின் வளைவு ஒத்துவர வேண்டும், அவ்வளவுதான். 5 மி.மீ. ஸ்பேசர் இடம் கொடுக்கும். ஆனால் ஸ்பேசர் வைத்த பிறகு நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது, அதாவது 12 மி.மீ. மரை பிடிக்க வேண்டும்; 1.25 மரையில் அது சுமார் பத்துச் சுற்று. குறைந்தால் நீளமான ஸ்டட் போடாமல் ஓட்டாதீர்கள்.

5×114.3 வீலைப் போட அடாப்டர் வாங்கியவர்கள், அதன் தடிமனை ஆஃப்செட்டிலிருந்து கழித்துவிட்டுக் கணக்கைப் போட வேண்டும். 20 மி.மீ. அடாப்டர் +48 வீலை +28 ஆக்கிவிடும்.

அறிகுறி: ஸ்டீயரிங் சாலையின் வடுக்களைத் தேடிப் போகிறது, பிரேக்கில் இழுக்கிறது

ஆஃப்செட் குறைந்தால் டயர் தரையைத் தொடும் இடத்தின் நடுப்புள்ளி வெளியே நகரும். +48லிருந்து +35க்குப் போனால் 13 மி.மீ. ஸ்டீயரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் இந்த நடுப்புள்ளிக்கும் உள்ள தூரம் மாறுவதால், ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும், ஒரு பக்கம் ஈரத்தில் பிரேக் பிடித்தாலும் அந்த உதை நேரே கைக்கு வரும். அகலமான டயர் அதைக் கூட்டும்.

வீல் அலைன்மென்ட் செய்யாமல் இதை ஆராய்வது வீண். டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணத்தை, சரிசெய்த பிறகும் இழுத்தால், ஆஃப்செட்தான் காரணம். இதற்குப் போல்ட், பிளேட் மருந்து எதுவும் கிடையாது. வீலை மாற்றத்தான் வேண்டும்.

அறிகுறி: அகலமான டயர் போட்டும் வளைவில் முன்பக்கம் வழுக்குகிறது

பின்னால் 255, முன்னால் 225 என்று போட்டிருந்தால் காரணம் கண்முன்னே இருக்கிறது. பின்பக்கப் பிடிமானத்தை மட்டும் கூட்டினால் முன்பக்கம்தான் முதலில் தோற்கும். இந்தக் காரின் சமநிலை நான்கு சக்கரமும் ஒரே அளவு என்பதை நம்பி அமைந்தது. அப்படியே வையுங்கள்.

நான்கும் ஒரே அளவுதான், ஆனாலும் வழுக்குகிறது என்றால் முன் டயரின் வெளித் தோளைத் தடவிப் பாருங்கள். அங்கே மட்டும் தேய்ந்திருந்தால் உங்களுக்குத் தேவை அகலம் அல்ல, கேம்பர். கம்பெனி அமைப்பில் முன் கேம்பர் கிட்டத்தட்ட பூஜ்யம். 215 டயரோடு முன் கேம்பரைச் சரியாக வைத்த வண்டி, கேம்பர் இல்லாத 245 வண்டியைவிட நன்றாகத் திரும்பும் என்பது என் உறுதியான கருத்து. செலவும் குறைவு.

நேர்மாறாக, பின் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் வண்டி தாழ்ந்ததால் பின் கேம்பர் ஏறியிருக்கும். ஆனால் டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் கேம்பரைவிட டோதான். முதலில் டோவைச் சரிசெய்யுங்கள்.

அறிகுறி: ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுகிறது, விளக்கு எரிகிறது

டயர் விட்டத்தைக் கணக்கிடுங்கள். 215/45 ஆர்17 என்றால் 625 மி.மீ., 215/40 ஆர்18 என்றால் 629. இவற்றை ஒட்டியவை 245/40 ஆர்17 (628), 245/35 ஆர்18 (629). கொஞ்சம் பெரியவை 225/45 ஆர்17 (634), 255/35 ஆர்18 (636), 225/40 ஆர்18 (637). 245/40 ஆர்18 போட்டால் 653, அதாவது 17 அங்குலக் கம்பெனி அளவைவிட நாலரை சதவீதம் பெரிது. மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாகப் போகும். மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐ.நா. விதி 39. உரசலும் சேர்ந்து வரும். அந்த அளவு வேண்டாம்.

ஏ.பி.எஸ்., ஸ்டெபிலிட்டி விளக்கு எரிந்தால் முன் பின் விட்டங்களை ஒப்பிடுங்கள். நான்கும் சமமாக இருந்தால் வீலைக் கழற்றியபோது சென்சார் ஒயர் இழுபட்டிருக்கலாம். காற்றழுத்த விளக்கு மட்டும் என்றால் புது வீலில் சென்சார் இல்லை, அல்லது அதன் அலைவரிசை வேறு.

அறிகுறி: பக்கச்சுவரில் வீக்கம், அல்லது டயர் ரிம்மில் இழுபட்டு நிற்கிறது

வீங்கிய டயரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒட்டுப் போட இடமில்லை. அதன் பிறகு அளவைப் பாருங்கள். 17 அங்குலத்தில் பக்கச்சுவர் 97 மி.மீ., 18இல் 86, 225/35 ஆர்19 போட்டால் 79. பள்ளம் உள்ள சாலையில் இந்தக் காருக்கு 19 அங்குலம் தேவையே இல்லை என்பேன். சுமைக் குறியீட்டையும் பாருங்கள்: 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ, 87 என்றால் 545, 91 என்றால் 615. கம்பெனி எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள்.

215/45 ஆர்17க்கு ஏற்ற ரிம் 7 முதல் 8 அங்குலம். அதை 9 அங்குல ரிம்மில் இழுத்துப் போட்டால் வளைவில் பீட் (ரிம்மைப் பிடிக்கும் டயரின் விளிம்பு) விலகும் ஆபத்து இருக்கிறது. 225/40 ஆர்18க்கு 7.5 முதல் 9 வரை, 245/40 ஆர்17க்கு 8 முதல் 9.5 வரை.

அறிகுறி: எதுவும் உரசவில்லை, எதுவும் அதிரவில்லை, ஆனால் வண்டி மந்தமாகிவிட்டது

இதைத் தொல்லை என்றே பலர் நினைப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய தொல்லை. முதல் தலைமுறையில் 2.0 லிட்டர் இன்ஜின், 205 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. இப்போது 2.4 லிட்டர், 250. இரண்டுமே பெரிய எண்கள் இல்லை. வீலும் டயரும் சேர்ந்து ஒவ்வொரு மூலையிலும் இரண்டு மூன்று கிலோ கூடினால் கிளம்பும்போதும் வளைவுக்குள் நுழையும்போதும் தெரியும். டயர் விட்டமும் கூடினால் கியர் விகிதமே நீண்டது போல ஆகிவிடும். பழைய வீலையும் புது வீலையும் டயரோடு சேர்த்து எடை போட்டுப் பாருங்கள், வீட்டுத் தராசே போதும்.

முதல் தலைமுறையில் பெரும்பாலான வண்டிகள் மிஷெலின் பிரைமசி எச்.பி. என்ற சாதாரணச் சாலை டயரோடு வந்தன. குறைந்த வேகத்திலேயே வண்டி நகர்ந்து விளையாட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்த தேர்வு அது. 255 போட்டால் அந்த விளையாட்டு மிக அதிக வேகத்துக்குத் தள்ளிப்போகும், பொதுச் சாலையில் அந்த வேகத்துக்குப் போகவே கூடாது. வாரம் முழுக்கச் சாலையிலும் எப்போதாவது டிராக்கிலும் ஓட்டுபவருக்கு 17×8 +45, 225/45 ஆர்17 என்பேன். உரசாது, கேம்பர் வேலை எதுவும் வேண்டாம். டிராக் நாட்களுக்கென்றே தனி வீல் என்றால் 17×9 +42, 245/40 ஆர்17, முன்னால் கேம்பர் பிளேட். எதை வாங்கினாலும் ரிம்மின் பின்புறம் ஜே.டபிள்யூ.எல். முத்திரை (அலாய் வீலுக்கான ஜப்பானியத் தரக் குறி) இருக்கிறதா என்று பாருங்கள். போல்ட் வட்டம், ஆஃப்செட், நடுத் துளை, நட் இருக்கையின் வடிவம் நான்கையும் விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு பணம் கொடுங்கள்.